ஏலம் யார் கையில்? முத்துக்குளித்துறைத் திருச்சபைகளும் ஊர் முன்னேற்றமும்

மேற்கு மலையில் பிறக்கும் வைப்பாறு சாத்தூரைக் கடந்து, விளாத்திகுளத்துக் கரிசல் காட்டின் ஊடாக வந்து மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி ஆறு வெறும் மணலாகத்தான் கிடக்கும். அந்த முகத்துவாரத்தை ஒட்டிய பரதவர் ஊர் கீழவைப்பார். பக்கத்தில் சிப்பிக்குளம், சுற்றிலும் உப்பளங்களும் உடைமரக் காடும். இங்கே கோயில் என்றால் அது மாதா கோயில்தான். கடலில் இருப்பவர்களுக்குக் கரையின் அடையாளமும் அதன் கோபுரம்தான், கரையில் ஊர் கூடும் இடமும் அதன் முற்றம்தான்.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழையும் ஏழு கடல்துறை என்பார்கள். இந்தத் துறைகளில் கிறிஸ்தவம் வேரூன்றி ஐந்நூறு ஆண்டுகள் நெருங்குகின்றன. தமிழகத்தில் திருச்சபையும் ஒரு சமூகமும் இவ்வளவு நெடுங்காலம் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும் இடம் வேறொன்றைச் சொல்வது கடினம். செயலில்லாத நம்பிக்கை செத்த நம்பிக்கை என்று யாக்கோபின் திருமுகம் சொல்கிறது. அந்தச் சொல்லை உரைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கல் கிடையாது. திருச்சபைகள் இந்த மண்ணில் செய்த ஊர்ப்பணிகளில் எவை நிலைத்தன, எவை கரைந்தன, ஏன்? அதைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

காவல் தேடிய காலம்

தொடக்கமே ஒரு பிழைப்புப் போராட்டம். 1530களில் முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டி எழுந்த மோதலில் பரதவர் நிலைகுலைந்தனர். அவர்களுடைய ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டனர். குதிரை வணிகரான ஜான் டி குருஸ் வழிகாட்டினார். பாதுகாப்பு கிடைத்தது, கூடவே திருமுழுக்கும் வந்தது. கடற்கரை முழுவதும் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். ஆன்ம வாழ்வும் கடல் உரிமையும் இங்கே ஒரே நாளில் ஒரே ஒப்பந்தத்தில் வந்தவை. எனவே, சமயத்துக்கும் ஊர் முன்னேற்றத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை இந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர் கொடுத்த திருமுழுக்குகளைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். 1544-இல் அவர் செய்த ஒரு காரியத்தைப் பேசுவதில்லை. தெலுங்கரான வடுகர் படை குமரி முனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஒதுங்கிப் பசியிலும் தாகத்திலும் தவித்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். எதிர்க்காற்று. எட்டு நாள் முயன்றும் முனையை எட்ட முடியவில்லை. மணப்பாட்டுக்குத் திரும்பி, நடந்தே போய்ச் சேர்ந்தார். இந்தக் கடற்கரையில் திருச்சபை செய்த முதல் இடர்நீக்கப் பணி அதுதான்.

அவர் செய்த இன்னொன்று அதைவிட ஆழமானது. ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். செபம் சொல்லிக்கொடுப்பதும், பிறப்பு இறப்பு எழுதுவதும், ஊர் ஒழுங்கைப் பார்ப்பதும் அவர் வேலை. அவர்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டுமே! இந்தக் கரையிலிருந்து போகும் வரியில் ஒரு பகுதி போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதையே கணக்கப்பிள்ளைகளுக்குத் தரும்படி சவேரியார் அரசிக்கு எழுதினார். கடலுக்குள் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு கடல் தாண்டிப் போகாமல் இந்த ஊர்களுக்கே திரும்ப வழி பிறந்தது.

அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் என்ற ஹென்றி ஹென்றிக்கஸ் அரை நூற்றாண்டுக்கும் மேல் இங்கே உழைத்து 1600-இல் மறைந்தார். புன்னைக்காயலில் அவர் காலத்தில் மருத்துவமனை நடந்தது, தமிழ்ப் பள்ளி நடந்தது. மருத்துவமனையின் செலவை ஏற்றதில் கடற்கரை மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல். பதினாறே பக்கம். அந்த அச்சுக்கும் பொருள் கொடுத்தவர்கள் பரதவர்களே. நம் எழுத்தில் இங்கே அச்சான முதல் நூலுக்குப் பின்னால் மீன் வாசமும் முத்துச்சிப்பி வாசமும் வீசுகின்றன என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும்.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கோயில்கள் பறிபோயின, குருக்கள் விரட்டப்பட்டனர். ஆயினும் மக்கள் தங்கள் சபையை விடவில்லை. பணமும் படையும் கொடுத்த வெளியார் போன பிறகும் நின்றது எது? கணக்கப்பிள்ளையும், பட்டங்கட்டியும், வீட்டுச் செபமும். ஊர் தன் கையில் வைத்திருந்தவை எல்லாம் நின்றன.

கரிசலும் தேரியும்

கடற்கரையில் நடந்ததற்கு இணையாக உள்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபைகள் வேறொரு பாதை போட்டன. ஊரைவிட்டு அடித்து விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்கென்று நிலம் வாங்கி 1799-இல் முதலூர் உருவானது. அதில் முன்னின்றவர் டேவிட் சுந்தரானந்தம். அடி வாங்கியவர்களுக்குச் சொந்த மண், சொந்தக் கிணறு, சொந்தப் பள்ளி என்ற அந்தப் பாணியில் தேரி என்னும் செம்மணல் காடெங்கும் ஊர்கள் எழுந்தன. 1841-இல் இடையன்குடிக்கு வந்த மிஷனெரி கால்டுவெல் அரை நூற்றாண்டு இந்தப் பகுதியில் உழைத்தார். அவர் மனைவி எலைசா பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அதற்கும் முன்னரே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய சரிகைப் பின்னலால், அடிமைப் பெண்கள் சிலர் சம்பாதித்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். ஊசியும் நூலும் சங்கிலியை அறுத்த கதை அது. நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் 1876 முதல் 1908 வரை மருத்துவமனை, அனாதை இல்லம், தொழிற்பள்ளி என்று ஒரு சிற்றூரையே நகரமாக வளர்த்தார். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் பிறந்தன.

இந்த வரலாற்றில் என் நெஞ்சில் நிற்பது கட்டடங்களைவிட ஒரு சிறு பழக்கம்தான்: கைப்பிடி அரிசி. உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, வாரம் ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. 1903-இல், பின்னாளில் ஆயரான அசரியாவும் தோழர்களும் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இப்படிப்பட்ட காணிக்கைகளால் வளர்ந்தது. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய வழி என்று எண்ண வேண்டாம். வைப்பாற்றுப் படுகையின் மேல்பகுதியில், விருதுநகரில், இந்து நாடார் பெருமக்கள் மகமை என்னும் பொதுப் பங்களிப்பாலும் பிடி அரிசியாலும் சத்திரிய வித்தியாசாலையை 1889-இல் எழுப்பினார்கள். காமராசர் படித்த பள்ளி அது. மிசோரம் திருச்சபையைத் தாங்கும் தூண்களுள் ஒன்றும் இதே கைப்பிடி அரிசிதான். ஏழைகளின் அடுக்களையிலிருந்து எழுந்த நிறுவனங்களுக்கு ஆயுள் கெட்டி.

கரையில் ஒரு காலை

கீழவைப்பார் போன்ற ஒரு துறைக்கு விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். வள்ளங்கள் கரையேறும். வலையிலிருந்து நண்டைக் கழிக்கும் விரல்கள் ஓயாது ஓடும். பெண்கள் கூடையோடு காத்திருப்பார்கள். "பாடு எப்படி?" என்று அன்று கிடைத்த மீனைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். மீன் மணலில் கொட்டப்படும்; ஏலம் தொடங்கும்; சில நிமிடத்தில் முடிந்துவிடும். இரவெல்லாம் கடலில் கிடந்தவர் அந்தச் சில நிமிடம் வாய் திறக்காமல் நிற்பதைக் கவனியுங்கள். அவர் மீனுக்கு விலை சொல்லும் உரிமை அவரிடம் இல்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அவருக்கேதான் மீனைக் கொடுத்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வள்ளமும் எஞ்சினும் வாங்க ஒருவர் 1,00,000 ரூபாய் முன்பணம் பெறுகிறார். வட்டி கிடையாது என்றுதான் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மீன் படுகிறது. அதில் வியாபாரி எடுக்கும் கழிவு நூற்றுக்குப் பத்து என்றால் 500 ரூபாய். மாதம் இருபது நாள், காற்றுக் காலமும் திருவிழாவும் போக ஆண்டில் பத்து மாதம் கடலுக்குப் போனால் 200 நாள். ஓர் ஆண்டில் கழிவு மட்டும் 1,00,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கிறது. விலையைக் குறைத்து எடுப்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். வட்டியில்லாக் கடன் என்ற பெயரில் நூற்றுக்கு நூறு வட்டி. மகன் காலத்திலும் தீராது.

இப்போது கேட்கிறேன்: ஒரு திருச்சபை இந்த ஊருக்குப் பள்ளி கட்டுகிறது, மருந்து கொடுக்கிறது, புயல் வந்தால் அரிசி கொடுக்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் மணலில் நடக்கும் அந்தச் சில நிமிடத்தைத் தொடாத வரையில், ஒரு கையால் கொடுப்பது மறு பக்கத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சவேரியார் பெயரில் ஒரு பல்கலைக்கழகம்

இந்த உண்மையை முதலில் செயலாக்கிய திருச்சபைகளுள் ஒன்று நம்மிடமிருந்து உலகின் மறுமுனையில் இருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடற்கரை. குளிர்க்கடல், ஏழை மீனவர்கள், அங்கும் வியாபாரியின் கடன். அந்தப் பகுதியின் ஆன்டிகோனிஷ் நகரில் இருந்த பல்கலைக்கழகத்தின் பெயர் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம். 1928-இல் அது ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கி மோசஸ் கோடி அடிகளாரிடம் ஒப்படைத்தது. அவருக்கு முன்னோடி ஜிம்மி டாம்ப்கின்ஸ் அடிகளார். அவர்கள் அரிசி மூட்டையோடு போகவில்லை. வீட்டுக்கு வீடு படிப்பு வட்டங்களைத் தொடங்கினார்கள். நண்டும் இறாலும் என்ன விலைக்குப் போகின்றன, நமக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று மீனவர்களே விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். அங்கிருந்து கடன் சங்கம், கூட்டுறவுக் கடை, சிங்கி இறால் பதப்படுத்தும் கூடம் எல்லாம் எழுந்தன. படிப்பு முதலில், பணம் பிறகு என்பது அவர்கள் கண்ட வழி.

நம் பக்கத்தில் அதே வழி 1960களில் திறந்தது. அப்போது நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் துன்பமே திருச்சபையின் துன்பம் என்று உலகெங்கும் குருக்களைக் கோயிலுக்கு வெளியே அனுப்பியது. திருவனந்தபுரம் பக்கத்தில் மரியநாடு என்ற புதிய மீனவர் குடியிருப்பு ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் முயற்சியில் உருவானது. சமூகப் பணியாளர்கள் அங்கேயே தங்கினார்கள். 1970-ஐ ஒட்டி அவ்வூர் மீனவர்கள் வியாபாரிகளின் எதிர்ப்பைத் தாங்கித் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். குமரி மாவட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஜேம்ஸ் தொம்பர் அடிகளார் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் வழியாக ஊர்தோறும் மீனவர் சங்கங்களுக்கு விதை போட்டார். முட்டத்தில் பியர் கிலே என்ற பெல்ஜியப் பொறியாளர், கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அருகிவந்த நேரத்தில், ஒட்டுப்பலகையால் கடலலைக்கு ஈடுகொடுக்கும் சிறு படகுகளை மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். இந்தச் சங்கங்களெல்லாம் இணைந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது.

இந்த முறையின் அழகு அதன் எளிமை. ஏலம் சங்கத்தின் கையில். மேலே சொன்ன அதே 500 ரூபாய் கழிவை எடுத்துக்கொள்வோம். அதில் 250 கடனுக்கு, 100 அவருடைய சேமிப்புக்கு, 150 சங்கச் செலவுக்கு என்று பிரித்தால், ஓர் ஆண்டில் 50,000 ரூபாய் கடன் கணக்கில் வரவாகிறது. 20,000 ரூபாய் சேமிப்பு நிற்கிறது. நியாயமான வட்டி போட்டாலும் மூன்றாம் ஆண்டுக்குள் வள்ளம் அவருக்கே சொந்தம். கடல் மாறவில்லை; மீன் கூடவில்லை; பிடித்த காசும் அதே காசுதான். கணக்குப் புத்தகம் மட்டும் கை மாறியது.

தூத்துக்குடியின் வரவும் இழப்பும்

1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக ரோச் ஆண்டகை பொறுப்பேற்றார். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறைக்கு வந்த முதல் இந்திய ஆயர் அவரே. பள்ளிகள் பெருகின. 1948-இல் தூய மரியன்னை கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது. கடற்கரைப் பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் அதிகாரிகளாகவும் ஆனதில் இந்தக் கதவுகளுக்குப் பங்கு பெரிது. மறைமாவட்டத்தின் பல்நோக்கு சமூக சேவைச் சங்கம் பெண்கள் குழுக்கள், குடிநீர், வீடு, தொழிற்பயிற்சி என்று பல தளங்களில் உழைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கை மறைத்து நின்றதால் தூத்துக்குடிக் கரையில் உயிரிழப்பு குறைவு. ஆனால் படகும் வலையும் எஞ்சினும் போயின. திருச்சபைகளின் கைகள் அன்று விரைந்து நீண்டன.

உரிமைக்கான குரலாகவும் கோயில் முற்றம் இருந்திருக்கிறது. கூடங்குளம் அணுஉலைக்கு எதிரான 2011-ஆம் ஆண்டுப் போராட்டம் இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் நடந்தது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மக்கள் புறப்பட்ட இடங்களுள் ஒன்று தூத்துக்குடி பனிமய மாதா கோயில். அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் போனது. இந்த நிலைப்பாடுகளுக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கூடங்குளம் போராட்டத்தை ஒட்டி 2012-இல் மறைமாவட்டச் சமூகப்பணி அமைப்பின் வெளிநாட்டு நிதிக் கணக்கு முடக்கப்பட்டது. அது சரியா தவறா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் பணத்தில் நிற்கும் பணியை ஒரே ஓர் ஆணை நிறுத்திவிட முடியும் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

நம் பக்கத்துக் குறைகள்

குறைகளையும் அன்போடும் துணிவோடும் சொல்லத்தான் வேண்டும். முதல் குறை சாதி. இதே மறைமாவட்டத்தின் வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் இரு சாதியார் ஒருவரை ஒருவர் பாராமல் வழிபடச் சுவர் வைத்துக் கட்டியிருந்தார்கள். அது 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல் சுவர் போனது. கல்லறையிலும் தேர் வீதியிலும் பங்குப் பேரவையிலும் மனச்சுவர் முழுதாகப் போகவில்லை. கடற்கரை ஊருக்குப் போகும் உதவியும் உள்நாட்டுத் தலித் கிறிஸ்தவர் தெருவுக்குப் போகும் உதவியும் ஒரே தட்டில் நிற்கின்றனவா என்று ஒவ்வொரு சபையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒரே சாமியாரை நம்பியிருப்பது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலில் வரும் காகு சாமியாரை வாசகர்கள் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட குருக்கள் உண்மையிலும் உண்டு. ஆனால் நல்ல சாமியார் மாற்றலாகிப் போனதும் சங்கத்தின் கதவு பூட்டப்படுவதையும் பல ஊர்களில் பார்க்கிறோம். தலைவரோடு போய்விடும் பணி ஊரின் பணியாக இன்னும் ஆகவில்லை என்றே பொருள்.

மூன்றாவது, பெண்கள். கரையில் மீனை வாங்கிச் சுமந்து விற்பவர்கள் அவர்கள். கணவர் கடலில் இருக்கும்போது கடன்காரருக்குப் பதில் சொல்பவர்களும் அவர்கள். ஊர்க் கமிட்டிக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி எத்தனை?

நான்காவது, ஊரின் பணம் போகும் திசை. 1806-இல் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் ஓடியது இந்த மக்களின் கொடையால். கொடுக்கும் மனமும் கூடும் பழக்கமும் இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் ஊருக்கும் கொடுப்பது கடற்கரை ஊர்களின் பழைய வழக்கம். அந்தப் பணத்தில் கோபுரம் உயர்கிறது, திருவிழா ஒளிர்கிறது. தவறில்லை. ஆனால் அதில் ஒரு பகுதி ஊரின் கடன் நிதியாகத் திரும்பினால், கந்துவட்டியின் கழுத்தை ஊரே நெரித்துவிடலாம்.

தீர்ப்பும் வேண்டுகோளும்

மேலே கண்ட வரலாறு முழுதும் ஒரே சாட்சியைச் சொல்கிறது. புன்னைக்காயல் மருத்துவமனை, தம்பிரான் வணக்கம், கைப்பிடி அரிசி, குமரி மீனவர் சங்கங்கள் எல்லாமே மக்களின் சொந்தக் காசும் சொந்தக் கணக்கும் கலந்தவை. அவைதான் ஊர் நினைவிலும் ஊர் வாழ்விலும் தங்கின. வெளியார் கொடுத்ததை ஊர் வாங்கி வைத்துக்கொண்ட இடங்களில், கொடுத்தவர் போனதும் கொடையும் போனது. தர்மம் பசியை ஒரு நாள் ஆற்றும். ஏலமும் கடனும் கணக்கும் ஊர் கைக்கு வரும்போதுதான் பசி வாசலுக்கு வெளியே நிற்கும். திருச்சபையின் வேலை அந்தக் கைமாற்றத்துக்குத் துணை நிற்பது. அது முடிந்ததும் ஒதுங்கி நிற்பது.

கடலும் இன்று கைவிட்டுக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். சிப்பி போன வழியில் மீனும் போகாமல் காக்க, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. அதற்கு முன்பிருந்தே இந்தக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத கட்டுப்பாடு உண்டு. கடலுக்கும் ஓர் ஓய்வு நாள் கொடுத்த நம்பிக்கை இது. குஞ்சு மீனை அள்ளும் வலைக்கும், பவளப்பாறையைச் சிதைக்கும் தொழிலுக்கும் இதே ஊர்க்கட்டுப்பாடு நீள வேண்டும். மறையுரையில் சொன்னால் கேட்கும் ஊர் இது.

பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஊர்க் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் ஒரு மாலை கோயில் முற்றத்தில் விளக்கைப் போட்டு, ஆணும் பெண்ணும் சமமாக உட்கார்ந்து, மூன்று கணக்கை மட்டும் எழுதுங்கள். ஊரில் யார் யாருக்கு எவ்வளவு முன்பணக் கடன் இருக்கிறது? கழிவாக ஓர் ஆண்டில் எவ்வளவு வெளியே போகிறது? ஊரின் காணிக்கையும் மகமையும் எவ்வளவு, அதில் எவ்வளவு கடன் நிதியாக நிற்க முடியும்? இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை, யார் அனுமதியும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், எழுதத் தெரிந்த ஒரு பெண்ணும் போதும். சவேரியார் இந்தக் கரையில் முதலில் நியமித்ததும் ஒரு கணக்கப்பிள்ளையைத்தான்.